63 தாள், 4,299 ரூபாய், ஒரு ஷ்ரெட்டர்: ஒன்றரை வருட அனுபவம்

வாங்கிய வாரமே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. அதனால்தான் இந்த மெஷினைப் பற்றி எழுத ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டேன். தாளைத் துண்டு துண்டாக வெட்டிப் போடும் குறுக்குவெட்டு ஷ்ரெட்டர், 13 லிட்டர் தொட்டி, ஒரே சமயத்தில் ஆறு தாள் என்று பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருந்தது, விலை 4,299. கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், எதற்கு வம்பு. தவிர, இந்த விலையில் பார்க்க வேண்டியது பெயரை இல்லை, பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு குறியீட்டை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வீட்டில் ஷ்ரெட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரும் கேட்டார். உறையூரில் எட்டாவது முதல் பத்தாவது வரை கணக்கு ட்யூஷன் எடுக்கும் எனக்கும் இந்த மெஷினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைதான். 2024 ஜூனில் ஒரு சாயங்காலம் வரைக்கும்.

பிள்ளைகளுக்கு ரஃப் வேலைக்குப் புதுத் தாள் கொடுத்தால் கட்டுப்படியாகாது. பழைய பேப்பர் கடை பாயிடம் ஒருபக்கம் அச்சடித்த ஏ4 தாள் கிலோ 25 ரூபாய்க்கு வாங்குவேன். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று கிட்டத்தட்ட ஐந்து கிராம். கிலோவுக்கு 200 தாள். அரையாண்டுக்கு ஐந்து கிலோ போதும். பின்பக்கத்தில் ஏதோ கம்பெனியின் சரக்குப் பட்டியலோ பழைய டெண்டரோ இருக்கும், யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கி, "மிஸ், மாசம் 18,400 சம்பளம் வாங்குறவரு மூணு லட்சம் கடன் வாங்குனா எவ்ளோ வட்டி கட்டணும்?" என்றான். கூட்டுவட்டி நடத்திக்கொண்டிருந்தேன். பரவாயில்லையே, சொந்தமாகக் கணக்கு யோசிக்கிறானே என்று சந்தோஷப்பட்டு, "வட்டி விகிதம் எவ்வளவுன்னு சொல்லுடா" என்றேன். தாளைத் திருப்பிப் பார்த்து, "அது போடல மிஸ். ஆனா அவரு ஃபோட்டோ இருக்கு" என்றான்.

கடன் விண்ணப்பம். ஒட்டிய புகைப்படம் நகலில் கறுப்பாக விழுந்திருந்தது. அடுத்த தாளில் ஆதார், முன்னும் பின்னும். அதற்கடுத்து பான் அட்டை, சம்பளச் சீட்டு, குறுக்கே கோடு போட்ட காசோலை. "உங்களைத் தெரிந்த இருவர்" என்ற கட்டத்தில் மைத்துனர் பெயரும் டீக்கடைக்காரர் பெயரும் செல் நம்பரோடு. பின்வரிசையில் ஒரு பெண், "மிஸ், என்னோட தாள்ல இருக்கறது எங்க தெரு" என்றாள்.

எல்லாத் தாளையும் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். அதற்குள் சில தாள்களில் பின்னங்களும் இருபடிச் சமன்பாடுகளும் ஏறிவிட்டிருந்தன. வகுப்பை அரைமணி முன்னால் முடித்து, ஐந்து கிலோவையும் தரையில் பரப்பி உட்கார்ந்து பிரித்தேன். 63 தாள், 11 பேர். ஒரு தாள் மட்டும் நகல் இல்லை, அசல்: 2011-இல் வாங்கிய வாரிசுச் சான்றிதழ், தாசில்தார் பச்சை மையில் கையெழுத்திட்டது, முத்திரையோடு. நகல் கொடுக்க வேண்டிய இடத்தில் யாரோ அசலையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

63 தாள் 315 கிராம். பாய் விலைப்படி எட்டு ரூபாய்க்குப் பன்னிரண்டு காசு குறைவு.

இனி நான் செய்த தப்புகள். ஷ்ரெட்டர் மதிப்பீட்டில் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்கள் நாலைந்து பத்தி தாண்டிப் போகலாம். ஆனால் இப்படி ஒரு கட்டு உங்கள் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் தப்பு, படித்தேன். யாருடையது என்று தெரிந்துகொள்ள முதல் பக்கம் போதும். நான் சம்பளச் சீட்டு வரை போனேன். நம் தெருவில் இருப்பவருக்கு எவ்வளவு பிடித்தம் போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அவரைக் காய்கறிக் கடையில் பார்த்தால் என் முகம்தான் மாறுகிறது.

இரண்டாவது தப்பை என் மைத்துனர் செய்ய இருந்தார். "ஃபோட்டோ எடுத்து ஏரியா குரூப்ல போட்டுடலாம் அண்ணி, உரியவங்க வந்து வாங்கிக்குவாங்க." 250 பேர் இருக்கும் குழுவில் 11 பேரின் ஆதார். செல்போனைப் பிடுங்கி வைத்தேன்.

மூன்றாவதுதான் பெரிய கூத்து. விண்ணப்பத்தில் இருந்த ஒரு நம்பருக்கு நானே போன் போட்டேன். "சார், வணக்கம். உங்க ஆதார் நகல், பேங்க் விவரம் எல்லாம் என்கிட்ட இருக்கு சார்..." சொல்லும்போதே அந்த வாக்கியம் என் காதிலேயே விழுந்தது. அந்தப் பக்கம் இரண்டு நொடி சத்தமில்லை. அப்புறம், "எத்தனை பேருமா கெளம்பியிருக்கீங்க? போன வாரம் கொரியர்ல பார்சல் மாட்டிக்கிச்சுன்னு ஒருத்தன், இன்னைக்கு நீயா? வைம்மா போனை!" அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. முன்பின் தெரியாதவர் போனில் நம் ஆதார் நம்பரைப் படித்தால் வைத்துவிட வேண்டியதுதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

மறுநாள் பாய் கடைக்குப் போனேன். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. "டீச்சரம்மா, ஆபீசு மாத்துனாங்க. கூட்டிப் பெருக்குற பசங்க எட்டு மூட்டை கொண்டாந்து எடை போட்டாங்க. வெள்ளைத் தாளுன்னு உங்களுக்காக ஒரு மூட்டைய ஒதுக்கி வச்சேன்" என்றார். மீதி ஏழு மூட்டை? "அது அப்பவே லோடு ஏறிருச்சு." கூழாக்கும் ஆலைக்குப் போயிருந்தால் தப்பித்தது. வழியில் பஜ்ஜிக் கடை, பொட்டலக் கடை என்று பிரிந்திருந்தால் இல்லை. அச்சு மையில் உணவுக்கு ஆகாத பொருள் இருக்கிறது என்று செய்தித்தாளில் மடிப்பதைத் தடுக்கும் உணவுப் பாதுகாப்பு விதி 2019 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. எங்கள் பக்கத்து டீக்கடையில் வடைக்கு இன்றைக்கும் தாள்தான்.

அந்த விண்ணப்பங்களை வாங்கிய நிதி நிறுவனத்தின் கிளைக்குப் போனேன். புது ஆபீஸ், கண்ணாடிக் கதவு, ஏசி. மேனேஜர் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். கையை நீட்டி, "குடுத்துட்டுப் போங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்றார். 63 தாள் பெற்றுக்கொண்டதாக எண்ணிக்கை போட்டு, தேதி போட்டு, சீல் வைத்து எழுதிக் கொடுங்கள் என்றேன். சீல் இன்னும் பழைய ஆபீசிலிருந்து வரவில்லையாம். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரோரமாக மூடி திறந்த அட்டைப்பெட்டி ஒன்று, மேலாக யாருடைய புகைப்படமோ மல்லாந்து கிடந்தது. கட்டை மறுபடி பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

போலீசுக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். 1930 என்ற எண் இணையவழிப் பண மோசடிக்கு. பணம் போனவர்கள் உடனே அழைக்க வேண்டியது. இங்கே இன்னும் யாருக்கும் பணம் போகவில்லை. வக்கீலாக இருக்கும் சித்தி மகள் சொன்ன வழி வேறு: எல்லா நிதி நிறுவனமும் குறைதீர் அதிகாரியின் முகவரியைத் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும், அவருக்கு எழுது, 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021-இல் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தில் வங்கியோடு இந்த மாதிரி நிறுவனங்கள் பலவும் அடங்கும். நான் அவர்கள் வாடிக்கையாளர் இல்லையே என்றேன். "அது உன் பிரச்சினை. முதல்ல எழுது" என்றாள்.

எழுதினேன். எந்தத் தேதியில், எங்கே, எத்தனை தாள், என்னென்ன வகை. ஒருவரின் பெயரையும் எண்ணையும் மின்னஞ்சலில் போடவில்லை. கோப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும். 11 நாள் கழித்துப் பதில் வந்தது: வருந்துகிறோம், உள்விசாரணை நடக்கிறது, தங்களிடமுள்ள நகல்களைப் பாதுகாப்பாக அழித்துவிட்டு உறுதி செய்யவும்.

"பாதுகாப்பாக அழித்து." எப்படி? அசலைத் தவிர்த்து 62 தாளையும் கையால் கிழித்தால் என் மணிக்கட்டு என்னாவது? எரிக்கலாம் என்றால் மாடி வீடு, கீழ்வீட்டு அம்மா காயப்போட்ட துணி. இப்படித்தான் ஷ்ரெட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதன் முதல் வேலையே அடுத்தவர் தாள்.

உடனே வாங்கிவிடவில்லை. எதிர்வீட்டு ஆடிட்டர் ஆபீசில் ஒரு பழைய மெஷின் உண்டு, தாளை நீளவாட்டில் நாடா நாடாவாகக் கிழிக்கும். இதிலேயே போட்டுக்கலாமே என்றார்கள். எனக்கு ஒரு சந்தேகம். பழைய கேள்வித்தாள் ஒன்றை அதில் விட்டு எடுத்து, நாடாக்களைக் கலக்கி, பத்தாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரிடம் கொடுத்து ஒட்டச் சொன்னேன். ஆறு மில்லிமீட்டர் அகலம், தாளின் அகலம் 210. ஆக 35 நாடா. ஒரு மணி பத்து நிமிடத்தில் முழுத் தாளையும் ஒட்டிக் கொண்டுவந்து, ஏழாவது கேள்வியில் எழுத்துப்பிழை இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

இதில் புதுசு ஒன்றும் இல்லை. 1979-இல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றியபோது, உள்ளே இருந்தவர்கள் அவசர அவசரமாக நாடாவாகக் கிழித்த ரகசியத் தாள்களைப் பின்னால் பொறுமையாக உட்கார்ந்து ஒட்டிவிட்டார்கள். கம்பளம் நெய்கிற ஆட்களையும் அந்த வேலையில் உட்கார வைத்தார்கள் என்பார்கள். ஒட்டியதைப் புத்தகங்களாகவே போட்டு விற்றார்கள். கம்பளக்காரர் எதற்கு, என் ட்யூஷனில் இரண்டு பேர் போதும்.

சரி, அந்தக் குறியீடு. டிஐஎன் 66399 என்று ஒரு ஜெர்மன் தரம், பி-1 முதல் பி-7 வரை. எண் ஏற ஏறத் துண்டு சிறிதாகும். ஆறு மில்லிமீட்டர் நாடா பி-2. குறுக்கிலும் வெட்டி ஒரு துண்டை 160 சதுர மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தால் பி-4. என் மெஷின் பி-4, நாலுக்கு நாற்பது மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளின் பரப்பு 62,370 சதுர மில்லிமீட்டர். 160-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 390 துண்டு. அதே பெண்களிடம் அதே கேள்வித்தாளை இதில் விட்டுக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில், "மிஸ், இதுக்கு நாங்க ட்ரிக்னாமெட்ரியே போடறோம்" என்று எழுந்துவிட்டார்கள். பி-5 இன்னும் பொடி, விலை இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக்கு பி-4 தாராளம். பெட்டியில் இந்தக் குறியீடே இல்லாத மெஷினை வாங்காதீர்கள்.

இப்போது மெஷினைப் பற்றி உள்ளதை உள்ளபடி.

ஆறு தாள் என்பது பொய். நாலு தாள் விட்டால் ஒழுங்காகப் போகும். ஐந்து விட்டால் முனகும். ஆறு விட்டால் பாதி விழுங்கிவிட்டு நின்றுவிடும். பின்னோக்கிச் சுழற்றும் பொத்தானை அழுத்தினால் பல்லில் மாட்டிய கீரை மாதிரி கந்தலாகத் திரும்பி வரும். வெயில் காலத்துத் தாளுக்கும் மழைக்காலத்துத் தாளுக்கும் வித்தியாசம் உண்டு. ஐப்பசியில் ஈரம் குடித்த தாள் மூன்றுக்கு மேல் போகவில்லை.

இரண்டு நிமிடம் ஓடினால் அரைமணி ஓய்வு. கையேட்டில் எழுதியிருக்கிறது, ஆனால் யார் படிக்கிறார்கள்? 62 தாளை நாலு நாலாகப் பதினாறு தவணையில் விட்டேன். பன்னிரண்டாவது தவணையில் தானாகவே நின்று சிவப்பு விளக்கு எரிந்தது. கெட்டுப்போயிற்று என்று திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேடினேன். மோர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பச்சை. ஆபீசுக்கு வாங்குகிறவர்களுக்கு இது லாயக்கில்லை. வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை பத்துத் தாள் என்றால் பிரச்சினை வராது.

சத்தம் மிக்ஸியில் பொட்டுக்கடலை பொடிப்பது மாதிரி. தூங்குகிற குழந்தை இருந்தால் வேண்டாம். வயர் மிகக் குட்டை, ப்ளக் பாயிண்ட் பக்கத்திலேயே வைத்தாக வேண்டும்; அங்கே வைத்தால் நடக்கும் வழி. தொட்டியில் 13 லிட்டர் என்பது உண்மைதான், ஆனால் துண்டுகள் பொங்கல் மாதிரி பொங்கி நிற்கும். பாதியில் ஒருமுறை தட்டி அமுக்கவில்லையென்றால் மேலே முட்டி, தாள் வாயிலேயே சிக்கும். ஏழாம் மாதம், தாள் வந்ததைக் கண்டுபிடிக்கும் சென்சார் மேல் தூசி படிந்து, ஆள் இல்லாமலே தானாக ஓட ஆரம்பித்தது. ராத்திரி பதினோரு மணி. என் வீட்டுக்காரர் எலி என்று துடைப்பத்தோடு வந்தார். சர்வீஸ் எண்ணுக்கு மூன்று நாள் அழைத்தேன், இந்தியில் பாட்டுக் கேட்டேன். கடைசியில் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த தூரிகையால் துடைத்தேன், சரியாகிவிட்டது. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவேன். ட்யூஷன் பிள்ளைகள் வரும் வீடு. விரல், துப்பட்டா நுனி, ஐடி கார்டு கயிறு எதையும் அது பார்க்காது.

எண்ணெய் விட வேண்டும். இதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. கூடவே ஒரு குட்டிப் பாட்டில் வரும். ஒரு தாளில் குறுக்கும் நெடுக்குமாக எண்ணெய்க் கோடு போட்டு, அந்தத் தாளையே உள்ளே விட்டால் பற்களில் பூசிக்கொள்ளும். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடித்துவிடாதீர்கள். அதில் தீப்பிடிக்கும் வாயு உண்டு, உள்ளே மோட்டார் பொறி பறக்கும்.

ஏடிஎம் அட்டைக்குத் தனி வாய் இருக்கிறது, நன்றாக வெட்டுகிறது. ஸ்டேப்ளர் பின்னோடு போடலாம் என்கிறார்கள், நான் பிடுங்கிவிட்டுத்தான் போடுவேன். லேமினேட் செய்ததைப் போட்டால் சூட்டில் இளகிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. நம் ஊரில் எதைக் கொடுத்தாலும் லேமினேட் செய்துதானே வைக்கிறோம்? அதற்குக் கத்தரிக்கோல்தான்.

துண்டுகளை என்ன செய்வது? பாய் வாங்க மாட்டார். "பொடியாயிட்டா எடைக்கு ஆகாது டீச்சரம்மா, மூட்டையும் நிக்காது." மறுபடி நல்ல தாள் செய்ய ஆலைக்கு நீள இழை வேண்டும். அதனால் நவராத்திரி முடிந்து கொலு பொம்மைகளைப் பரணில் ஏற்றும்போது இதைத்தான் நிரப்புகிறேன். தசாவதார செட்டில் போன வருடம் ஒரு மூக்குகூட உடையவில்லை. மெஷின் வாங்கியதில் எனக்குக் கிடைத்த நேரடி லாபம் என்றால் அதுதான்.

இனி, நகல்களை அழித்தால் மட்டும் ஆயிற்றா என்ற கேள்வி. ஏழு மூட்டை வெளியே இருக்கிறதே. அந்த 11 பேருக்கும் தெரியப்படுத்துங்கள் என்று நிறுவனத்துக்கு எழுதியதற்கு ஆவன செய்கிறோம் என்று பதில். அரசாங்க ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவரின் மகள் நான், ஆவன என்றால் என்ன என்று தெரியும். போனில் பேசினால் மோசடிக்காரி ஆகிவிடுவேன். ஆனால் தபாலில் வந்த கடிதத்தை யாரும் அப்படி வைத்துவிட மாட்டார்கள். பத்து இன்லேண்ட் லெட்டர் வாங்கினேன், ஒன்று இரண்டரை ரூபாய். அனுப்புநர் முகவரியோடு, கையால், தமிழில்.

உங்கள் கடன் விண்ணப்ப நகல் பழைய தாளோடு கலந்து என்னிடம் வந்தது, நிறுவனம் கேட்டுக்கொண்டபடி துண்டாக்கி அழித்துவிட்டேன், எனக்கு உங்களிடமிருந்து எதுவும் வேண்டாம், யாராவது இதைச் சொல்லி ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள் என்று முதலில். அப்புறம் அவர்கள் செய்துகொள்ள வேண்டியது. எம்-ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டிவைக்கலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம்; கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்றும் பார்க்கலாம்; தெரியாவிட்டால் ஆதார் உதவி எண் 1947-க்கு அழைத்தால் தமிழில் பேசுவார்கள். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று காட்டும், உங்களுடையது இல்லாததை அங்கேயே தெரிவிக்கலாம். உங்கள் பெயரில் வேறு யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, நம் கடன் வரலாற்றை வைத்திருக்கும் சிபில் உட்பட நாலு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் ஒரு இன்லேண்டில் அடங்க எழுத்தைப் பொடியாக்க வேண்டியிருந்தது. ஏழாவது கடிதத்தில் கை மரத்து, கார்பன் தாள் இல்லாத காலத்தைத் திட்டினேன்.

போனை வைத்துவிட்டவருக்கும் ஒன்று போயிற்று. பத்து நாள் கழித்து அந்த நம்பரிலிருந்து அழைப்பு. "மேடம்... நீங்க அன்னைக்கு..." என்று இழுத்தார். பரவாயில்லை சார், நீங்கள் செய்ததுதான் சரி என்றேன். சிம் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம். நாலு சிம்மில் ஒன்று அவருடையது இல்லையாம். இந்தத் தாளால்தான் என்று சொல்ல முடியாது. எத்தனை கடையில் எத்தனை நகல் கொடுத்திருப்போம், யாருக்குக் கணக்கு?

எனக்கே கணக்கு இல்லை. அந்த வாரம் உட்கார்ந்து யோசித்தேன்: எரிவாயு ஏஜென்சி, சிம் கடை, ராமேஸ்வரத்தில் தங்கிய லாட்ஜ், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், நகைக்கடன். 2022 மே மாதம், ஆதார் நகலை எல்லோரிடமும் கொடுக்காதீர்கள், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் சொன்னது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. மாஸ்க்டு ஆதார் மட்டும் தளத்தில் இப்போதும் இருக்கிறது. நான் அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். பாதி இடத்தில் "இது செல்லாதுக்கா, நம்பர் ஃபுல்லா தெரியணும்" என்பார்கள். சில இடத்தில் வாதாடுவேன், சில இடத்தில் நேரமில்லாமல் கொடுத்துவிடுவேன். கொடுத்தால் நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதி என்று எழுதித்தான். ஜெராக்ஸ் கடையில் கோணலாக விழுந்த தாளைத் தம்பி குப்பைக்கூடையில் போடும் முன் கேட்டு வாங்கிக்கொள்வேன். "காசு வேணாம்க்கா, அது வேஸ்ட்டு" என்பான். வேஸ்ட்டுதான், என் வேஸ்ட்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று சித்தி மகளைக் கேட்டேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அது கணினியில் உள்ள தகவலுக்கும், தாளில் வாங்கிப் பின்னால் கணினியில் ஏற்றியதற்கும். தாளாகவே வந்து தாளாகவே போவதை அது தொடாது. "உன் 63 தாளை அவங்க ஸ்கேன் பண்ணியிருந்தா ஒரு கேஸ், இல்லன்னா வேற கேஸ்" என்றாள். வக்கீல்களிடம் கேட்டால் இப்படித்தான்.

வாங்கலாமா என்று கேட்டால்: வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை. ஆறு தாள் பொய்க்கு அரை, சர்வீஸ் எண்ணுக்கு ஒன்று குறைத்திருக்கிறேன். மாதம் நாலு தாள் மட்டும் வரும் வீடாக இருந்தால் பணத்தை வீணாக்காதீர்கள். பெயர், எண், கையெழுத்து இருக்கும் இடத்தைப் பொடியாகக் கத்தரித்து, சமையல் கழிவோடு நனைத்துப் போட்டால் போதும். கொரியர் உறையின் முகவரிச் சீட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து வருடத்து வங்கிக் கணக்கு அறிக்கை, பழைய பாலிசி, மாமனாரின் ஆஸ்பத்திரிக் கோப்பு என்று பீரோ நிரம்பியிருந்தால் வாங்குங்கள். வாங்கிய உற்சாகத்தில் அசலைப் போட்டுவிடாதீர்கள். நான் என் பழைய தட்டச்சுச் சான்றிதழைப் போட இருந்தேன், பின் இருந்ததால் பிடுங்கும்போது கவனித்தேன்.

அந்த வாரிசுச் சான்றிதழை மட்டும் அழிக்கவில்லை. நிறுவனத்திடமும் கொடுக்கவில்லை. அசல் அவர்களுடையதும் இல்லை. அதில் இருந்த முகவரி முசிறிப் பக்கம் ஒரு கிராமம். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஒரு கடிதத்தோடு பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அப்போது பதிவுத் தபால் தனியாக இருந்தது, 2025-இல்தான் விரைவுத் தபாலோடு சேர்த்தார்கள். முகவரி பதிமூன்று வருடம் பழசு, திரும்பி வந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒப்புகை அட்டை வந்தது. நடுங்கிய எழுத்தில் முழுப் பெயர் போட்டுக் கையெழுத்து, தேதி, பக்கத்தில் கொஞ்சம் மஞ்சள் கறை, சமைத்துக்கொண்டிருந்த கையோ என்னவோ. கொஞ்ச நாள் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அதிலும் பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றியது. தடித்த அட்டை. தனியாக விட்டேன், லேசாக முனகிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது.